புயல் காலத்து விலையும் புளோரிடா சட்டமும்

வெயிலும் புயலும் வாட்டும் அமெரிக்க மாநிலம் புளோரிடா. கட்சிச் சண்டையும் அங்கே கடுமை. வெயிலில் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் தரச்சொல்லி உள்ளாட்சிகள் விதி போடக்கூடாதென்று 2024-இல் குடியரசுக் கட்சி சட்டம் செய்தது. ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தனர்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பின், ஜனநாயகக் கட்சி ஆளுநர் காலத்தில் வந்த விலைச் சட்டத்தை, 1998 முதல் ஆளுநர் தேர்தல்களில் வென்றுவரும் குடியரசுக் கட்சியும் நீக்கவில்லை. அவசரநிலை அறிவித்ததும் உணவு, தண்ணீர், ஐஸ் முதலியவற்றை முந்தைய 30 நாள் சராசரி விலையைவிட மிக அதிகமாக விற்றால், மீறல் ஒன்றுக்கு 1,000 டாலர், 24 மணி நேரத்தில் 25,000 டாலர்வரை அபராதம். கொள்முதல் விலையே ஏறியிருந்தால் குற்றமில்லை. அதைக் காட்டக் கடைக்காரரிடம் பில் இருக்கவேண்டும்.