வினையும் முன்னிடைச்சொல்லும்: ஆங்கிலத்தின் பிரியாத இணைகள்

அச்சத்தைக் குறிக்கும் 'அஃப்ரெய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின் 'ஆஃப்' வரும். நம்பியிருப்பதைக் குறிக்கும் 'டிபெண்ட்' என்பதற்கு 'ஆன்' வரும். திறமையைச் சொல்லும் 'குட்' என்பதற்கு 'அட்' வரும். முன்னிடைச்சொற்கள் எனப்படும் இவற்றில் எது எந்த வினைக்கு, எது எந்தப் பெயரடைக்கு என்பதுதான் ஆங்கிலம் கற்பவர்களை நெடுங்காலம் அலைக்கழிக்கும் பகுதி.

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், புளூ வேலி தேயிலைத் தோட்டத்துக்கு அருகிலுள்ள கம்போங் ராஜா வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இது மும்மொழிச் சிக்கல். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழ் பயிற்றுமொழி. மலாயும் ஆங்கிலமும் மொழிப்பாடங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரும்பாலான பாடங்கள் மலாயில். ஆங்கில வாக்கியம் ஒன்றை எழுதும்போது இரு மொழிகளின் பழக்கமும் கூடவே வருகிறது.

'விவாதி' என்னும் பொருளுள்ள 'டிஸ்கஸ்' முன்னிடைச்சொல் ஏற்காது. தமிழில் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம். மலாயில் 'பெர்பின்சாங் தெந்தாங்' என்கிறோம். அதனால் 'டிஸ்கஸ் அபௌட்' என்ற பிழை எளிதில் வந்துவிடுகிறது. 'லிசன்' என்ற சொல்லில் நடப்பது இதற்கு நேரெதிர். தமிழில் பாட்டைக் கேட்கிறோம். மலாயிலும் 'மெண்டெங்கார்' என்ற வினைக்குப் பின் பாட்டு நேராக வரும். ஆங்கிலத்திலோ இடையில் 'டு' வேண்டும். அது விடுபட்டுப் போகிறது.

இந்தக் கட்டுப்பாடு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 'பாம்புக்குப் பயந்தான்' என நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். தொல்காப்பியத்தின் வேற்றுமை மயங்கியலோ அச்சப் பொருள் தரும் சொற்களுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் உரியவை என்கிறது: புலியின் அஞ்சினான், புலியை அஞ்சினான். எந்த வினை எந்த உருபை ஏற்கும் என்பது தமிழிலும் வழக்கால் அமைந்தது. காலத்தோடு மாறியும் வந்திருக்கிறது. ஐரோப்பிய மொழிகளும் அப்படித்தான். 'டிபெண்ட்' என்பதன் இலத்தீன் மூலத்துக்குத் 'தொங்குதல்' என்று பொருள். பிரெஞ்சு அதனுடன் 'இருந்து' என்னும் பொருளுள்ள சொல்லைச் சேர்க்க, ஆங்கிலம் 'மேல்' என்னும் பொருளுள்ள 'ஆன்' என்பதைச் சேர்க்கிறது.

இவற்றைக் காதால் பிடிப்பதும் கடினம். ஆங்கிலப் பேச்சில் முன்னிடைச்சொற்களுக்கு அழுத்தம் குறைவு. 'ஆஃப்' பல இடங்களில் வெறும் 'அவ்' ஆகத் தேய்கிறது. அது காதில் விழாவிட்டாலும் பொருள் புரிந்துவிடுவதால் மனம் அதைக் கவனிப்பதில்லை. மொழியில் எதைக் கவனிக்கிறோமோ அதுவே கற்றலாக மாறும் என்ற கருத்தை ரிச்சர்ட் ஷ்மிட் 1990இல் முன்வைத்தார்.

இந்த இணைகளை முழுக்கத் தற்செயலானவை என்றும் தள்ளிவிட முடியாது. கையில் இன்னும் கிடைக்காததை நாடும் 'வெயிட்', 'ஆஸ்க்', 'ஹோப்' ஆகியவை 'ஃபார்' ஏற்கின்றன. ஊன்றி நிற்பதைச் சொல்லும் 'டிபெண்ட்', 'ரிலை' ஆகியவற்றுக்கு 'ஆன்'. 'ப்ரௌட்', 'அஷேம்ட்' போன்ற உணர்ச்சிச் சொற்கள் பலவற்றுக்கு 'ஆஃப்'. முன்னிடைச்சொல் மாறினால் பொருளே மாறும் இடங்களும் உண்டு. பந்தை ஒருவர் பிடிப்பதற்காக எறிந்தால் 'த்ரோ டு'. அவர்மேல் படும்படி எறிந்தால் 'த்ரோ அட்'.

ஆகவே 'ஆன் என்றால் மேல்' என்று தனித்தனியாகப் பொருள் எழுதி மனப்பாடம் செய்வது பெரிதும் உதவாது. வினையையும் முன்னிடைச்சொல்லையும் ஒரே சொல்லாகப் பாவித்து, பழகிய வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: 'தி எஸ்டேட் டிபெண்ட்ஸ் ஆன் ரெயின்'. முன்னிடைச்சொல்லுக்குப் பின் வினை வந்தால் அது 'இங்' ஈறு பெறும் என்பதையும் 'குட் அட் சிங்கிங்' போன்ற தொடராகவே பழகலாம்.

பிறகு முன்னிடைச்சொல்லை மறைத்து, நினைவிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எடுத்து எழுதிய மாணவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததை ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நாள் இடைவெளிவிட்டுச் செய்தால் பலன் கூடும்.

ஐயம் வந்தால் கற்போர் அகராதியைப் பார்க்கலாம். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பியும் நண்பர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதி, ஒவ்வொரு வினையும் எவ்வகை வாக்கியத்தில் அமையும் என்பதையும் காட்டியது. அதுவே 1948இல் ஆக்ஸ்ஃபர்டு வெளியீடானது. அவ்வழியில் வந்த இன்றைய அகராதிகள் வினையோடு சேரும் முன்னிடைச்சொல்லைத் தடித்த எழுத்தில் தருகின்றன. பொருளோடு நின்றுவிடாமல் அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் மாணவருக்கு இணை முழுதாகக் கைவருகிறது.