நோய்க்குறிப்பும் ஓர் அமானிதமே!

நம் இல்லங்களில் நகைக்குப் பெட்டி உண்டு. நிலப் பத்திரத்திற்கு உறை உண்டு. மருத்துவச் சீட்டுகளுக்கோ உரிய இடமில்லை. பழைய சீட்டுதானே என்று அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஓர் உயிரே அதில் அடங்கியிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பெனிசிலின் ஒவ்வாத ஒருவருக்கு, அதனை அறியாத மருத்துவர் அமாக்ஸிசிலின் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேறாயினும் இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். மூச்சுத் திணறல் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். இத்தகைய விபரீதங்களைத் தடுக்கத் துணை செய்வதே மின்னணு மருத்துவப் பதிவேடு. ஒவ்வாமை முன்பே பதியப்பட்டிருந்தால், மருந்தின் பெயரை இட்டவுடன் நல்ல மென்பொருள் மருத்துவரை எச்சரிக்கும். வார்ஃபரின் உண்பவருக்கு ஆஸ்பிரினும் சேர்த்து எழுதினால், இரத்தக்கசிவு அபாயத்தை உணர்த்தும். ஆனால், பதியாத எதையும் கணினி அறியாது.

சம்மதமே சாவி

நம் நாட்டில் 2021 செப்டம்பர் 27 அன்று, ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுமைக்கும் தொடங்கப்பட்டது. இதில் சேர்வோருக்கு 14 இலக்க ‘ஆபா’ எண் வழங்கப்படுகிறது. சேர்வது கட்டாயமன்று, அவரவர் விருப்பம். உங்கள் சம்மதத்தின் பேரிலேயே ஒரு மருத்துவமனையின் பதிவுகள் மற்றோர் இடத்திற்குத் தரப்படும். அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழியுண்டு.

ஆகவே, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டவரிடமெல்லாம் சொல்லிவிடாதீர்கள். யாருக்கு, எதற்கு, எத்தனை காலத்திற்கு என்று கேட்டறிந்த பின்னரே இசைவு தாருங்கள். மகளிர் நோயும் மனநோயும் பற்றிய குறிப்புகள் வெளியே கசிந்தால், அந்த வேதனையைச் சுமப்பது ஒரு குடும்பமே. நோயாளியின் அந்தரங்கம் அமானிதம். மருத்துவமனைக்கும் அது பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

கணினியும் முடங்கும்

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் பல நாட்கள் முடங்கின. நோயாளிகளின் பதிவு முதலான பணிகளைக் கையால் எழுதிச் செய்ய நேர்ந்தது. கணினி வந்துவிட்டது என்பதற்காகக் காகிதத்தைக் கைவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

எனவே, இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரத்த வகை, ஒவ்வாத மருந்து, நீடித்த நோய், செய்த அறுவை சிகிச்சையும் அதன் ஆண்டும், அன்றாட மருந்தின் பெயரும் அளவும் எழுதி வையுங்கள். வாப்பா உண்பது “அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை” என்றால் எந்த மருத்துவருக்கும் விளங்காது. அடுத்த முறை செல்லும்போது அந்தப் பக்கத்தைக் காட்டி, கணினியிலும் பதியச் சொல்லுங்கள். பதிந்தது சரிதானா என்று கேட்டுத் தெளிவதும் உங்கள் உரிமையே!