மீந்த துணியும் மடிப்புக் கழுத்தணியும்

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னரும், மீந்த துண்டுகளைச் சேர்க்கும்படி இயேசு சீடர்களிடம் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. மண்சரிவினாலும் நீர்த்தேக்கத் திட்டங்களினாலும் காணியையும் மரக்கறிப் பாத்திகளையும் இழந்து புதிய குடியிருப்புகளில் வாழும் எமது குடும்பங்களுக்கு, இம்முறை துண்டுத் துணியைப் பற்றி எழுதுகின்றோம். தையற்கடையில் குப்பைக்குப் போகும் துணியைக் கொண்டு விலைபோகும் கழுத்தணி ஒன்றைச் செய்யலாம்.

எமது நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வத்தளையில் நல்லாயன் கன்னியர், தம்மிடம் நெசவு பழகிய பெண்களுக்கு வடிவங்கள் அமைத்துத் தரும்படி ஓவியர் பார்பரா சன்சோனியைக் (1928–2022) கேட்டனர். நிறங்களை மாற்றி மாற்றிப் பரீட்சித்த அந்த முயற்சியிலிருந்தே 1964இல் 'பெயார்பூட்' நிறுவனம் உருவானது. முதலில் பரீட்சை, பிறகே பொருள் என்பதே அதன் பாடம்.

மடிப்பு எப்படி வேலை செய்கிறது?

சேலைக் கொசுவத்தைப் பாருங்கள். இடுப்பில் இறுக்கிச் செருகிய மடிப்பு, பாதத்தருகே விசிறிபோல் விரிகிறது. கழுத்தணியும் அவ்வாறே. உள்விளிம்பை மட்டும் தைத்தால், வெளிவிளிம்பு தானாக விரிந்து கழுத்தைச் சுற்றி அமரும்.

அளவு இதுதான். ஒரு சென்டிமீற்றர் மடிப்பு வெளியே தெரிய, இரண்டு சென்டிமீற்றர் உள்ளே மறைகிறது. ஆகவே 45 சென்டிமீற்றர் கழுத்தணிக்கு 135 சென்டிமீற்றர் நீளத் துணி வேண்டும். தையலுக்கென 5 சென்டிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். அகலம் 16 சென்டிமீற்றர். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் வெளிவிளிம்பில் நூல் பிரியாது. உள்விளிம்பில் ஒரு சென்டிமீற்றர் தையலுக்குள் போக, 7 சென்டிமீற்றர் தெரியும்.

நீளத் துணி கிடையாதே என்று கவலைப்பட வேண்டாம். சிறு துண்டுகளை இணைத்து, ஒவ்வொரு இணைப்பும் மடிப்பினுள் மறையும்படி வைத்தால் போதும். உள்விளிம்பில் ஆறு அடுக்குத் துணி சேர்வதால், மெல்லிய துணியையே தெரிவு செய்யுங்கள். தைத்த விளிம்பை நாடாவால் மூடி, இரு முனைகளிலும் கட்டுக் கயிறு வையுங்கள். கொளுக்கி வாங்கும் செலவு மிச்சம்.

மூடுபனியும் மடிப்பும்

கஞ்சி போட்டு அழுத்திய பருத்தி மடிப்பு, நுவரெலியா ஈரத்தில் தளர்ந்துவிடும். பருத்தி நாரைத் தண்ணீர் இளக்கிவிடுவதே காரணம். பருத்தியானால் ஒவ்வொரு மடிப்பையும் ஓர் ஊசித் தையலால் பிடித்துவையுங்கள். பொலியெஸ்டர் நாரோ சூட்டில் இளகி, ஆறும்போது புதிய வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. யப்பானிய வடிவமைப்பாளர் இசே மியாக்கே 1993இல் அறிமுகம் செய்த 'பிளீட்ஸ் பிளீஸ்' ஆடைகள் இந்தத் தன்மையைக் கொண்டே செய்யப்பட்டன. தேவையிலும் பெரிதாகத் தைத்த ஆடையைக் காகிதங்களுக்கு இடையில் வைத்துச் சூட்டில் அழுத்துவார்கள். வீட்டில், ஈரத்துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் அயன் பெட்டியால் அழுத்தலாம். முழுவதும் ஆறும்வரை பாரத்தை எடுக்க வேண்டாம். சூட்டோடு பிரித்தால் உழைப்பு வீண்.

பரீட்சை அட்டை

ஒரே நாளில் கழுத்தணி செய்ய முற்படாதீர்கள். முதலில் உள்ளங்கையளவு மாதிரிகள் பத்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் கழுவி, ஓர் இரவு பனி படும் இடத்தில் தொங்கவிட்டு, பிறகு அட்டையில் ஒட்டுங்கள். துணியின் வகை, மடிப்பின் அளவு, பிடித்த நேரம் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதுங்கள். தோற்றுப்போன மாதிரியையும் எறிய வேண்டாம். அடுத்த சகோதரி அதே பிழையைச் செய்யாமல் அது காக்கும். இருபது கழுத்தணி கேட்டு ஒருவர் வந்தால், இருபதும் ஒரே அளவில் அமைய இந்த அட்டையே உதவும்.

விலையும் காணியும்

உங்கள் நாட் சம்பளத்தை எட்டால் வகுத்து ஒரு மணித்தியாலக் கூலியைக் காணுங்கள். கழுத்தணிக்குச் சென்ற மணித்தியாலங்களுக்கான கூலியோடு நூல், நாடா, பஸ் செலவு அனைத்தையும் கூட்டுங்கள். அதற்குக் குறைவாக விற்பது உங்கள் பிள்ளைகளின் சோற்றைத் தானம் செய்வதாகும். பத்து விற்கும்வரை கடன்பட்டு மெஷின் வாங்க வேண்டாம், கையூசியே போதும்.

கடைசியாக ஒன்று. கழுத்தணி காணிக்கு ஈடாகாது. "சுயதொழில் கொடுத்துவிட்டோமே" என்று யார் சொன்னாலும், காணி உறுதிக்கான கோரிக்கையைக் கைவிடாதீர்கள். கையில் ஊசி இருக்கட்டும். கோரிக்கை மனுவும் இருக்கட்டும்.