தெருநாய் மீட்பில் உடல்நல, நடத்தை மதிப்பீடு: சொல்லும் சோதனையும்

தெருநாயைக் குறிக்கத் தமிழில் வழங்கும் 'சொறிநாய்', 'வெறிநாய்' என்னும் இரு சொற்களும் நோயின் பெயரை வசையாக மாற்றிக்கொண்டவை. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் இச்சொற்களின் எடை கூடியுள்ளது. கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி ஆகியன முடிந்த நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விடவேண்டும் என்ற அவ்வாணை, வெறிநோய் கண்டவற்றையும் ஐயத்திற்குரியவற்றையும் மூர்க்க நடத்தை காட்டுபவற்றையும் விலக்கியது. வெறிநோயை இறந்த நாயின் மூளைத் திசுவில் உறுதிசெய்யலாம். மூர்க்கத்திற்கு அத்தகைய ஆய்வகச் சோதனை இல்லை.

எனவே நடத்தைக்கு முன் உடலைச் சோதிப்பதே முறை. ஈறு வெளுத்திருப்பின் இரத்தச்சோகை. இழுத்துவிட்ட தோல் மெல்லத் திரும்பினால் நீரிழப்பு. சொறி என்பது பெரும்பாலும் நுண்ணிய உண்ணிகளால் வருவது. சிகிச்சையில் சில வாரங்களில் மயிர் மீண்டும் முளைக்கும். புணர்ச்சிவழிப் பரவும் கட்டியும் வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரிதும் கட்டுப்படுகிறது. டிஸ்டெம்பர் கண்ட நாயின் வலிப்பும் தள்ளாட்டமும் வெறிநோயெனத் தவறாகக் கொள்ளப்படுவதுண்டு. இப்பிழைக்கு நாய் உயிரையே விலையாகத் தர நேரும். காதுப்புண்ணோ எலும்பு முறிவோ உள்ள நாய் தொட்டவரைக் கடிப்பது வலியின் விளைவேயன்றி இயல்பன்று.

நடத்தையை எங்கே காண்பது என்பதும் முதன்மையானது. வலையபட்டி போன்ற ஊரில், பூட்டிக் கிடக்கும் வீட்டுத் திண்ணையில் குட்டி ஈன்ற நாய் வழிப்போக்கரைத் துரத்தினால் ஊரார் அதனை மூர்க்க நாய் என்பர். குட்டிகள் வளர்ந்தபின் அதே நாய் ஒதுங்கிச் செல்லக்கூடும். கூண்டிலடைத்த முதல் நாள்களில் வால் ஒடுக்கி, காதை மடித்து, பல் காட்டுவது அச்சத்தின் வெளிப்பாடு. அந்நிலையில் எழுதப்படும் குறிப்பு கூண்டைப் பற்றியதேயன்றி நாயைப் பற்றியதன்று. உணவிடுபவர், தெருவாசிகள் ஆகியோரிடம் கடித்த சூழலைக் கேட்டறிவது இதனினும் பயன்தரும். கடித்த நாயைப் பத்து நாள் தனித்துக் கண்காணித்தல் மற்றொரு வழி. கடித்தபோது உமிழ்நீரில் நோய்க்கிருமி இருந்திருப்பின் அந்நாள்களுக்குள் நோய் வெளிப்பட்டு நாய் இறந்துவிடும். கடிபட்டவர் அதுவரை காத்திராமல் உடனே தடுப்பூசி தொடங்க வேண்டும் என்பது தனிச் செய்தி.

கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையைச் சென்னையில் 1964 முதல் வலியுறுத்திய புளூ கிராஸ் அமைப்பின் வழிமுறையே பின்னர் 2001, 2023 ஆம் ஆண்டுகளின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் இடம்பெற்றது. அவ்விதிகள் மீள்விடுவிப்பை மையமாகக் கொண்டவை. 2025 நவம்பர் 7 ஆணையோ பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து பிடித்தவற்றை அங்கே மீண்டும் விடலாகாது என்கிறது. அந்நாய்களைப் பொறுத்தவரை மதிப்பீட்டின் வினா 'விடலாமா' என்பதிலிருந்து 'எந்நாயுடன் எந்நாயை அடைக்கலாம்' என்பதற்கு மாறிவிடுகிறது.