ஒரு சென் எங்கே போனது?

மாதக் கடைசியில் பற்றும் வரவும் ஒரு சென் பொருந்தாமல் நின்றால், கணக்கர் ரசீதுகளை மீண்டும் புரட்டுவார். சில வேளைகளில் பிழை ரசீதில் இருப்பதில்லை. கணக்கியல் மென்பொருளை எழுதியவர் தேர்ந்தெடுத்த தரவு வகையில் இருக்கிறது.

தரவு வகை என்றால் என்ன? ஒரு தகவலை எண்ணாக வைப்பதா, எழுத்தாக வைப்பதா, தேதியாக வைப்பதா என்று கணினிக்குச் சொல்வதே தரவு வகை.

தசமப் புள்ளி உள்ள எண்களுக்குப் பல கணினி மொழிகளில் ‘ஃபுளோட்’, ‘டபுள்’ என்ற வகைகள் உள்ளன. இவை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களைக் கொண்டு கணக்கிடுகின்றன. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்வதைப் போல, இந்த முறையில் பத்தில் ஒரு பங்கு முடிவில்லாமல் நீளும். கணினி அதை ஓரிடத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். அதனால், ‘டபுள்’ வகையில் 0.10 ரிங்கிட்டைப் பத்து முறை கூட்டினால் 1 ரிங்கிட் வருவதில்லை, 0.9999999999999999 வருகிறது. திரையில் 1.00 என்று தெரிந்தாலும், இரண்டும் சமமல்ல என்றே கணினி முடிவு செய்யும்.

சிறு பின்னம்தானே என்று விட்டுவிட முடியாது. கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தைக் குறியீடு 1982-இல் 1,000 புள்ளிகளுடன் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் மூன்று தசம இடங்களுக்குப் பின் வந்தவை வெட்டப்பட்டதால், 1983 நவம்பரில் அது 524 புள்ளிகளுக்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மை மதிப்பு 1,098!

பணத்தைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் சென்னாக்கி முழு எண்ணாக வைப்பது. 12.35 ரிங்கிட் அப்போது 1235 ஆகிவிடும். ஆனால், 32 பிட் முழு எண் 21,474,836 ரிங்கிட் 47 சென்னுக்கு மேல் தாங்காது. 64 பிட் வேண்டும். மற்றொன்று, பத்தின் அடிப்படையில் கணக்கிடும் ‘டெசிமல்’ வகை.

எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணல்ல. 2005-இல் பிறந்த மலேசியரின் அடையாள அட்டை எண் 05 என்று தொடங்கும். அதை எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணை எழுத்தாக வைப்பதே முறை.

தேதிக்கும் தனி வகை தேவை. 03/04 என்பது மலேசியாவில் ஏப்ரல் 3; அமெரிக்க முறையில் மார்ச் 4. கடன் தவணை இதில் ஒரு மாதம் தள்ளிப் போகலாம்.

புதிய மென்பொருள் வாங்கும் வணிகர்கள் விலையோடு இன்னொன்றையும் விசாரிப்பது நல்லது: பணம் எந்தத் தரவு வகையில் வைக்கப்பட்டிருக்கிறது? பதில் ‘ஃபுளோட்’ என்றால், கையெழுத்திடும் முன் சற்று யோசிக்க வேண்டும்.