‘தூக்கிக்கோம்மா’ என்பது சோம்பல் அல்ல

கட்டைவிரலை மடக்கி முன்கையில் ஒட்டவைத்துக் காட்டும் பிள்ளைக்கு வகுப்பில் கைதட்டல் கிடைக்கும். அதே பிள்ளை சமதரையில் தடுக்கி விழுந்தால், “கண்ண எங்க வெச்சிருக்க?” என்று அதட்டல். இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: மூட்டுத் தளர்வு.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக இழுபடும். மூட்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வளையும். கண்ணை மூடியிருந்தாலும் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் பலருக்குக் கொஞ்சம் மங்கல். மூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையும் சேர்ந்து தசைகளின் தலையில் விழுவதால் அவை சீக்கிரம் களைத்துப்போகும். கடைத்தெருவுக்குப் பாதி வழியிலேயே “தூக்கிக்கோம்மா” என்று பிள்ளை அழுவது இதனால்தான். ராத்திரி கால்வலியில் அழுத பிள்ளை காலையில் துள்ளி ஓடும். “நடிக்குது” என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளை நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முழங்கால் பின்பக்கமாக வளைந்திருக்கும்; பாதம் உட்பக்கம் சரிந்திருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு உடம்பு வளைவது இயல்பு, அதற்காகப் பதற வேண்டாம். மருத்துவர்கள் பெய்ட்டன் அளவை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சுண்டுவிரல், கட்டைவிரல், முழங்கை, முழங்கால், குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது என மொத்தம் 9 மதிப்பெண். பருவமடையாத பிள்ளை 6 அல்லது அதற்கு மேல் வாங்கினால் தளர்வு என்று கொள்வார்கள். வெறும் மதிப்பெண் நோயாகாது. வலியும் விழுதலும் சோர்வும் கூடவே இருந்தால்தான் சிகிச்சை.

சிலவற்றை மட்டும் ‘வளர்ந்தா சரியாகிடும்’ என்று விடக் கூடாது. 18 மாதமாகியும் நடக்காதது, நடந்துகொண்டிருந்த பிள்ளை நடையை இழப்பது, ஒரு காலை மட்டும் தாங்கித் தாங்கி நடப்பது, காலையில் மூட்டு வீங்கி விறைப்பது, லேசாக விழுந்தாலே எலும்பு முறிவது. தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறினால், குறிப்பாக ஆண் குழந்தை என்றால், தசைநோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

மூட்டுத் தளர்வுக்கு ஓய்வு மருந்தல்ல. தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவரிடம் கற்று, வீட்டில் விளையாட்டாகச் செய்யவைக்க வேண்டும். நீச்சல், சைக்கிள் இரண்டும் நல்லவை. குதிகாலை இறுகப் பிடிக்கும் ஷூ போதும். வலியில்லாத தட்டைப் பாதத்துக்கு, ஷூவுக்குள் வைக்கும் விலையுயர்ந்த அட்டைகள் தேவையில்லை. குழந்தையை உட்காரவைத்து உருட்டும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி எவ்வளவோ மேல்; அதில் குழந்தை தன் காலிலேயே நிற்கிறது. (ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.) எண்ணெய் தேய்த்துவிடலாம், கைகாலை இழுத்துச் சொடுக்கெடுக்கக் கூடாது. ஒரு கையைப் பிடித்துத் தூக்கினால் முழங்கை நழுவும். யோகா, நடன வகுப்புகளில் வளையும் பிள்ளைக்குத்தான் முதல் வரிசை. இன்னும் வளைக்கச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் காசு வேண்டும் என்று ஒதுங்க வேண்டியதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனை இலவசம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். வரும் நாளில் பிள்ளையின் நடையைக் காட்டி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். இயன்முறை சிகிச்சையும் அங்கே கிடைக்கும்.

பள்ளியில்தான் போராட்டம். பென்சில் பிடிக்கும்போது விரல் பின்னால் மடங்குவதால் எழுத்து கோணும், கை வலிக்கும். அதற்கு ‘முட்டி போடு’ என்றால், அது கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆவது பிரிவு தடை செய்த தண்டனை. தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், அசையாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 21 வகைகளில் மூட்டுத் தளர்வு என்ற பெயர் இல்லை. ஆனால் நடமாட்டம் நெடுநாளாகப் பாதிக்கப்பட்டிருந்தால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மதிப்பிடக் கோரலாம். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு ஏற்ற வசதி செய்து தருவது, தனியார் உட்பட அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளின் கடமை. “குறைபாடு 40 சதவீதம் இல்லை, அதனால் எழுத ஆள் தர முடியாது” என்று யாராவது சொன்னால், விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியதை நினைவூட்டுங்கள். எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் சிக்கல் உள்ளவர் தொடுத்த வழக்கு அது.

மருத்துவரிடம் சான்று வாங்கும்போது நோயின் பெயரோடு நிறுத்தவிடாதீர்கள். எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுத முடியும், எத்தனை மாடி ஏறலாம், விளையாட்டு வகுப்பில் எது கூடாது என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். பொதுத்தேர்வுச் சலுகைக்கு மனு கொடுக்கக் கடைசி நேரம் வரை காத்திராமல் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.