இறக்கத்தில் தெரியும் எஞ்சின்

அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி ஹல்துமுல்லைக்கு வரும் வீதியைப் போல, பழைய மோட்டார் சைக்கிளைச் சோதிக்க வேறு இடம் வேண்டாம். விற்பவருக்கு இது தெரிந்தால் நல்லது. வாங்குபவருக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது.

ஹோண்டா சீடி 200-ஐ எடுத்துக்கொள்வோம். 1980களின் வண்டி, 194 சிசி. சிலிண்டர் இரண்டு, கார்பரேட்டர் ஒன்று. இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும். வெடிப்பு மட்டும் முறைவைத்து மாறி மாறி நடக்கும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கிடைக்கும் உந்து, இதற்குச் சுற்றுக்கு ஒன்று. ஏற்றத்தில் திணறாமல் சீராக இழுப்பது அதனால்தான். செயின் முழுவதும் தகர உறைக்குள் இருக்கிறது. அழகில்லை என்பவர்கள், மழைக்காலத்தில் தோட்டப் பாதைச் சேற்றில் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

இனி இறக்கம். எக்ஸிலேட்டரை மூடி, கியரிலேயே வண்டியை இறக்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சும் விசை கூடும். வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியே ஒயில் உள்ளே இறங்கித் தங்கும். கீழே வந்து எக்ஸிலேட்டரை முறுக்கும் நொடியில் கண்ணாடியைப் பாருங்கள்: நீலப் புகை எழும்பினால் எஞ்சினுக்குச் செலவிருக்கிறது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் வெண்புகை வெறும் நீராவிதான். அதைக் காட்டி விலை குறைக்க வருபவரிடம் ஏமாற வேண்டாம். ஆள் வரும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைப்பதும் வேண்டாம். விஷயம் தெரிந்தவர் முதலில் சிலிண்டரைத்தான் தொட்டுப் பார்ப்பார்.

விற்கப்போகிறோம் என்றதும் பலர் டாங்கிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். என் கணக்கில் அது வீண் செலவு. மங்கிய பழைய பெயின்டையும், கீறல் விழுந்த அசல் மட்காட்டையும் தேடி வருபவர்தான் கூடுதல் விலை தருவார். டாங்கியின் உள்ளே டோர்ச் அடித்தால் துரு இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் பராமரிப்பு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. கூடவே, கையெழுத்திட்ட பத்திரத்தோடு கைமாறும் ‘ஓபன் பேப்பர்’ வியாபாரமும் தொடர்ந்தது. வாகனப் பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள். பணம் வாங்கிய கையோடு உரிமை மாற்றத்தையும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியச் செய்யுங்கள். அதுவரை, வண்டி எங்கே மோதினாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ளவரின் வீட்டுக்குத்தான்.